சாகாத நாற்பத்து மூன்று அணில்

இது நடந்த கதை. கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணலாம். ஆனால் கற்பூரத்தைக் கொளுத்துவதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுவது கைக்கு நல்லது. சேலையில் நீளவாட்டில் ஓடுகிற பாவு முழுக்க உண்மை. குறுக்கே ஓடுகிற ஊடையில்தான் கொஞ்சம் இழுவை. ஜரிகையில் எவ்வளவு வெள்ளி என்று சொல்லக் காஞ்சிபுரத்துக்கு மெஷின் வந்துவிட்டது. கதையில் எவ்வளவு கலப்படம் என்று சொல்லும் மெஷின் இன்னும் வரவில்லை. வருகிற வரைக்கும் பிழைத்துக்கொள்ளலாம்.

பெரிய காஞ்சிபுரத்தில் தேவகியின் டீக்கடையில் கதை தொடங்கியபோது கேட்க மூன்று பேர் இருந்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்த தேவகி. சாயம் போட்ட பட்டு காயட்டும் என்று காத்திருந்த நெசவாளி கதிர்வேல். சவாரி கிடைக்காமல் ஆட்டோவை ஓரம் கட்டியிருந்த டேனியல். முதல் வரியிலேயே கதிர்வேல் மறித்தார்.

"எவ்ளோ இழுத்திருக்கபா?"

"முழத்துக்கு ஒரு சாண்."

"கட்டுப்படி ஆவும். சொல்லு."

கதை தாமல் தனலட்சுமியுடையது. வயது நாற்பத்து நாலு. திருப்பருத்திக்குன்றத்தில் பிறந்து தாமலுக்கு வாழ்க்கைப்பட்ட ஜைன வீட்டுப் பெண். பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் போடமாட்டாள். எறும்பு குறுக்கே போனால் நின்று வழிவிடுவாள். எறும்பு ஊர்வலமாகப் போனால் அன்றைக்கு பஸ்ஸை விட்டுவிடுவாள். மோட்டார் ஷெட்டில் தேள் வந்தால் முறத்தில் ஏந்திக்கொண்டு போய் ஏரிக்கரையில் இறக்கிவிட்டு வருவாள். அந்த ஊர்த் தேள்கள் எல்லாம் முறத்தைக் கண்டாலே தாமாக ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்று ஒரு பேச்சு.

உயிர் என்றால் இப்படி இளகுகிறவள், மனுஷர் என்றால் இளகமாட்டாள். ஒன்று வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால் தாமல் ஏரி வற்றினாலும் அது வேண்டாம்தான். அவள் புருஷன் ஜெயகுமார் இதற்கு நேர் எதிர். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் இருபது வருஷமாகச் சேலை விரித்துப் போடுகிறவர். நூறு சேலையைக் கலைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிறவர்களுக்கும் சிரித்த முகமாகத் தண்ணீர் கொடுத்து அனுப்பிப் பழகிய மனுஷன். "இல்லை" என்ற சொல் அவர் வாயில் துருப்பிடித்துக் கிடந்தது. அந்த வீட்டுக்கு வேண்டிய இல்லைகளை எல்லாம் தனலட்சுமிதான் சொன்னாள்.

ஏரிக்குக் கீழே அவர்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னை. பத்து வருஷத்துக்கு முன்னால் தோட்டக்கலை ஆபீசில் இனாமாக நாற்று கொடுத்தார்கள். மாங்கன்றை எல்லோரும் அள்ளிக்கொண்டு போனார்கள். மூலையில் பெயர் தெரியாத நாற்று இருநூறு வாடிக் கிடந்தது. அது என்ன என்று கேட்டாள். கோகோ, சாக்லேட் செய்கிற மரம், தென்னை நிழலில் வரும், ஆனால் இந்தப் பக்கம் வருமா என்று தெரியாது என்றார்கள். வாடிக் கிடந்த உயிரை விட்டுவிட்டு வர அவளுக்கு மனசில்லை. மாட்டுவண்டி பிடித்துக் கொண்டுவந்து தென்னைக்கு நடுவில் நட்டாள்.

ஊர் சிரித்தது. மூன்றாம் வருஷம் காய் காய்த்ததும் இன்னும் சிரித்தது. காய் கிளையில் காய்க்கவில்லை. நடு மரத்தில் ஒட்டவைத்த மாதிரி காய்த்தது. அதை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியாது. தனலட்சுமி முதல் காயை உடைத்து, உள்ளே இருந்த கொட்டையைப் பலாக்கொட்டை மாதிரி சுட்டு ஜெயகுமாருக்குக் கொடுத்தாள். கசப்பு அவருக்கு எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளும் கடையில் அவர் சிரிக்காததால் யாரும் சும்மா எழுந்து போகத் துணியாமல், சேலை வியாபாரம் இரண்டு மடங்கு ஆனது.

"இது சாண் இல்ல, மொழம்," என்றார் கதிர்வேல்.

"இது மட்டும் மொழம். மேல கேளு."

பிறகு வழி தெரிந்தது. காயை உடைத்து, கொட்டையை மரப்பெட்டியில் ஆறு நாள் புளிக்க வைத்து, சிமெண்டுக் களத்தில் வெயிலில் உலர்த்தினால் சாக்லேட் கம்பெனி வாங்கிக்கொள்ளும். அவளைப் பார்த்து ஊரில் ஒவ்வொருவராகத் தென்னைக்கு நடுவில் கோகோ வைத்தார்கள். சிரித்த வாய்கள் இருபது. அவளோடு சேர்த்து இருபத்தொரு தோட்டம் ஆனதும் கம்பெனி ஆள் வந்து, குழுவாகச் சேருங்கள், சர்ட்டிபிகேட் வாங்கலாம் என்றார்.

அது என்ன சர்ட்டிபிகேட் என்றால், வெளிநாட்டில் சாக்லேட் தின்கிறவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார்களாம். இதற்காகக் காட்டை வெட்டினார்களா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வேலை வாங்கினார்களா, கண்ட விஷத்தை அடித்தார்களா என்று தெரிந்துகொண்டுதான் வாயில் போடுவார்களாம். அதெல்லாம் இல்லை என்று வருஷத்துக்கு ஒரு தரம் ஆடிட்டர் ஒருவர் வந்து தோட்டத்தைப் பார்த்து எழுதிக் கொடுப்பார். எழுதிக் கொடுத்தால் கம்பெனி கூடுதல் விலைக்கு எடுக்கும். இல்லாவிட்டால் அந்தக் கொட்டையைத் தொடாது. அதற்காக ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு நோட்டு. என்றைக்கு எரு வைத்தோம், என்றைக்கு அறுத்தோம், பூச்சிக்கும் பிராணிக்கும் என்ன செய்தோம், எல்லாம் அதில் எழுத வேண்டும். எழுதாதது நடக்காதது. இதுதான் அவர்கள் சட்டம்.

குழுவுக்குச் செயலாளர் யுவராஜ், இருபத்தொரு தோட்டத்தில் ஒன்று அவனுடையது. ஜெயகுமாருடைய அக்கா மகன், இருபத்தெட்டு வயது, காலேஜ் முடித்தவன், நல்ல பையன், சோம்பேறி. வருஷம் முழுக்க ஒருவரும் நோட்டைத் திறக்கவில்லை. அவனும் திறக்கச் சொல்லவில்லை. போன வருஷம் ஆடிட்டர் வருகிறார் என்று தகவல் வந்ததும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து இருபத்தொரு நோட்டையும் அவனே எழுதி முடித்தான். மறுநாள் பால் சொசைட்டி கட்டடத்தில் எல்லோரையும் கூட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடச் சொன்னான். அவன் தன்னுடையதில் போட்டான். பத்தொன்பது பேர் வந்தார்கள், போட்டார்கள், போனார்கள். தனலட்சுமி மட்டும் படிக்க உட்கார்ந்தாள்.

அவள் அஞ்சாவதுதான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். யுவராஜ் வாசல் வரைக்கும் போய்வந்தான், போன் பார்த்தான், கொட்டாவி விட்டான். ஏழாவது பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"யுவராஜு, இது இன்னாடா?"

"எது அத்தை?"

"பொறி வைத்து அழித்த அணில், எலி: நாற்பத்து மூன்று. இது யாரு அழிச்சது?"

"அது சும்மா அத்தை. அந்தக் கட்டம் காலியா இருந்தா ஒத்துக்க மாட்டாங்க. எல்லார் நோட்லயும் அதேதான் போட்டிருக்கேன்."

"நான் நாப்பத்தி மூணு உசிர கொன்னேன்னு நீ எழுதி வெச்சிருக்க."

"பேப்பர்லதான அத்தை கொன்னீங்க."

தனலட்சுமி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அணிலைக் கொல்லாததோடு நிற்கிறவள் இல்லை அவள். தோட்டத்து வேலி ஓர வரிசையை அணிலுக்கென்றே விட்டிருந்தாள். சேலைக்குக் கரை மாதிரி அந்தத் தோட்டத்துக்கு அது கரை. அதில் காய்க்கிற காயை அவள் தொடமாட்டாள், அணில்களும் கரையைத் தாண்டி உள்ளே அவ்வளவாக வராது. தாமலில் பிறந்த அணிலுக்கெல்லாம் அவள்தான் தாய்மாமன் சீர் செய்தாள் என்று சொல்லலாம். அவள் பெயரில் நாற்பத்து மூன்று கொலை.

"நான் கையெழுத்து போட மாட்டேன்."

யுவராஜ் போனை எடுத்துப் போனவர்களைக் கூப்பிட்டான். குழுவில் பெயர் இருக்கிற அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் எல்லோருக்கும் சர்ட்டிபிகேட் இல்லை. போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். அவளைச் சுற்றி நின்றார்கள். கெஞ்சினார்கள், பிறகு ஏசினார்கள். யுவராஜ் படித்தவன் அல்லவா, நியாயம் பேசிப் பார்த்தான்.

"அத்தை, பெட்டில கொட்டை புளிக்கும்போது ஈ, புழு எல்லாம் சாவுதா இல்லயா? நீங்கதான வெக்கறீங்க? அதுல போவாத புண்ணியம் இதுலயா போயிடப் போவுது?"

"போவுதுடா. யாரு இல்லன்னாங்க? அது நான் செஞ்ச பாவம். அத எழுது, போடறேன். செஞ்ச பாவமே தலைக்கு மேல ஏறிக்கினு போவுது. செய்யாத பாவத்துக்கு வேற நான் கையெழுத்து போடணுமா?"

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. இந்த ஒரு வருஷம் மட்டும் குழுவ விட்டு விலகிக்கோங்க. இருபது பேரா காட்டிக்கறோம்."

"மொத நாத்து வெச்சவ நானு. நீங்க எல்லாரும் பல்ல காட்டினு நின்னப்ப வெச்சேன். நான் ஏன்டா விலகணும்? பொய் எழுதனவன் விலகு."

சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்று மாலை ஜெயகுமார் சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார். "ஒரு கையெழுத்துதான தனம்." அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். வாய் நிறைந்ததால் அவர் மேற்கொண்டு பேசவில்லை.

மறுநாள் பிற்பகல் ஆடிட்டர் வந்தார். உதயகுமார் என்று பெயர், சென்னைக்காரர், கையில் டேப்லெட், தோளில் தண்ணீர் பாட்டில். இருபத்தொரு நோட்டையும் களத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். தனலட்சுமியின் நோட்டை யுவராஜ் அடியில் தள்ளிவிட்டு அதன்மேல் இருபதையும் ஏற்றியிருந்தான். உதயகுமாரோ அடியிலிருந்து உருவுகிற ஜாதி. சீட்டுக் கட்டில் ஒன்றை உருவுகிற மாதிரி அவளுடையதையே உருவினார். ஏழாவது பக்கத்தில் யுவராஜ் எழுதியதைக் குறுக்கே அடித்துவிட்டு, தேங்காய் அளவு எழுத்தில் அவள் எழுதியிருந்தாள்: நான் கொல்லவில்லை. அணில் தின்கிறது. தின்னட்டும்.

"யாரும்மா இத அடிச்சது?"

"நான்தாங்க."

"ஏன் அடிச்சீங்க?"

"பொய்யிங்க அது."

"அப்ப மொதல்ல எழுதினது யாரு?"

தனலட்சுமி வாய் திறக்கவில்லை. அவள் அடித்தது பொய்யைத்தான், யுவராஜை அல்ல. ஆனால் யுவராஜ் இருமினான். அந்த இருமலில் உதயகுமாருக்கு ஏதோ பொறிதட்டியது. மற்ற நோட்டுகளை எடுத்து ஏழாவது பக்கமாகப் புரட்டினார். நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்று. இருபதாவது நோட்டை மூடும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஏம்பா, தாமல்ல அணில் எல்லாம் தோட்டத்துக்கு நாப்பத்தி மூணுன்னு லைன்ல வந்து நின்னு செத்துதுங்களா?"

நோட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அவரே தொடர்ந்தார்.

"அதுவும் அணில கொல்லவே கூடாது. உங்களுக்குக் குடுத்த ரூல்ஸ் ஷீட்லயே இருக்குது. செய்யாத கொலைய செஞ்சோம்னு எழுதி, நீங்களே போய் மாட்டிக்கிட்டிருக்கீங்க."

ஆகக்கூடி, அந்தத் தாளை அந்த ஊரில் யாருமே படிக்கவில்லை, செயலாளர் உட்பட. இருபது பேரும் தனலட்சுமியைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையே போதும், கோகோவைக் காயவைக்க வெயில் வேண்டாம்.

உதயகுமார் தனலட்சுமியின் தோட்டத்துக்குள் நடந்தார், கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தனலட்சுமி மேற்கே பார்த்தாள், வீட்டுக்குப் போனாள், தட்டில் சோறும் மோர்க்குழம்பும் போட்டுக்கொண்டு வந்து ஒரு தென்னையடியில் உட்கார்ந்தாள்.

"நீங்க கேளுங்க சார். நான் சாப்பிட்டுக்கினே சொல்றேன். சூரியன் எனக்காக நிக்காது."

உதயகுமார் பதினெட்டு வருஷ சர்வீஸில் சாப்பிட்டுக்கொண்டே பதில் சொல்லும் விவசாயியைப் பார்த்ததில்லை. எதிரே ஒரு மட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அணில கொல்லாம எப்படிம்மா காய காப்பாத்தறீங்க?"

"பழுத்த காய மரத்துல விட்டாத்தான அணில் வரும்? நான் வாரத்துல ரெண்டு தரம் அறுக்கறேன். இவங்க மாசத்துக்கு ஒரு தரம் வந்து அறுத்துட்டு, மிச்ச இருபத்தொம்போது நாளும் அணில திட்டறாங்க. வேலி ஓரத்து வரிச அதுங்களுக்கு. மேல இருக்கற சதைய சப்பிட்டு கொட்டைய துப்பிட்டு போவும். அத பொறுக்கி நாத்து போட்டுக்கறேன். இவங்க தோட்டத்து கன்னுல பாதி அணில் துப்புனதுதான்."

அவர் எல்லாவற்றையும் டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டார். போகும்போது தீர்ப்புச் சொன்னார். சர்ட்டிபிகேட் நிறுத்தி வைக்கப்படுகிறது. நாற்பத்தைந்து நாள் தவணை. அவரவர் நோட்டை அவரவர் கையால், நடந்தது நடந்தபடி எழுத வேண்டும். மறுபடி வந்து பார்ப்பார். அதுவரை ஒருவருடைய கொட்டையும் கம்பெனிக்குப் போகாது. தனலட்சுமியுடையதும்தான்.

அன்றோடு தாமல் அவளோடு பேச்சை நிறுத்தியது. பால்காரர் பழனி அவளுக்கு மட்டும் நுரையை அளந்து ஊற்றினார். பொதுக் கிணற்று மோட்டாரில் அவள் முறை வரும்போதெல்லாம் பியூஸ் போனது. கரெண்ட் கம்பிக்கே அவள்மேல் கோபம் என்றார்கள். இரண்டு குடம் இரண்டு குடமாக ஏரியிலிருந்து தூக்கி இருநூறு மரத்துக்கும் ஊற்றினாள். உலர்ந்த கொட்டை மூட்டை மூட்டையாக நடு வீட்டில் ஏறிக்கொண்டே போனது. ஜெயகுமார் மூட்டைமேல் படுத்தார், மூட்டைமேல் சாப்பிட்டார், கடைசியில் வீட்டுக்கூரை இடிக்க, குனிந்தபடியே பட்டுக் கடைக்குப் போனார்.

"இன்னும் ஒண்ணும் கெட்டுப் போவல தனம். போயி ஒரு வார்த்த..."

"என்னன்னு? பொய் சொல்லாம விட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னா?"

பத்தாம் நாள் ஒருத்தர் வந்தார், அரிவாள் இரவல் கேட்கிற சாக்கில். போகும்போது, வாரத்துக்கு ரெண்டு அறுப்புன்னா எந்தெந்தக் கிழமை என்று கேட்டுவிட்டுப் போனார். இருபதாம் நாள் யுவராஜே வந்தான். வெள்ளை நோட்டை நீட்டினான்.

"அத்தை, எதுன்னா எழுதிக் குடுங்க. உங்களத்தான் அந்த ஆளு நம்பறாரு."

"உன் தோட்டத்த நான் எழுதுனா அதுவும் பொய்தான்டா. போ, போயி மரத்தடில உக்காரு. இன்னா நடக்குதோ எழுது. மொதல்ல என் பியூஸ போட்டுட்டு போ."

பியூஸைப் போட்டுவிட்டுத்தான் போனான்.

நாற்பத்தைந்தாம் நாள் உதயகுமார் வந்து நோட்டுகளைப் படித்தார். படித்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒருவர் எழுதியிருந்தார்: பிராணிகளைத் தடுக்கச் செய்த முயற்சி, தினமும் திட்டினேன். இன்னொருவர்: ஆவணி மாதம் அறுக்கவில்லை, மச்சினி கல்யாணம், அணில்களும் நன்றாகச் சாப்பிட்டன. யுவராஜ் எழுதியிருந்தான்: இதற்கு முன் எழுதியது நான், எனக்கு அறிவில்லை. உதயகுமார் எல்லாவற்றுக்கும் டிக் போட்டார். கடைசி நோட்டில் மட்டும் கை நின்றது. அதில் பழைய வரியே இருந்தது. அணிலை மட்டும் எடுத்துவிட்டு எலி என்று வைத்து, நாற்பத்து மூன்றை நாற்பத்து நாலு ஆக்கியிருந்தார் ஒரு மகானுபாவர். ஒரு உயிரைக் கூட்டினால் பொய் உண்மையாகிவிடும் என்று நினைத்தார்போலும். அவரை ஒரு வருஷம் நிறுத்திவிட்டு, மற்ற இருபது பேருக்கும் சர்ட்டிபிகேட் போட்டார். தனலட்சுமி பெயர் முதலில். பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டாள், மூட்டைகளை வண்டியில் ஏற்றினாள், ஜெயகுமார் நிமிர்ந்தார். அந்த மகானுபாவர் பெயர் தேவசகாயம்.

டேனியல் டீ கிளாஸை பெஞ்சில் வைத்தார்.

"நிறுத்துபா. தேவசகாயம் எங்க அக்கா வூட்டுக்காரரு."

"அதுக்கு இன்னா இப்ப?" என்றார் கதிர்வேல்.

"அவரு பொய் எழுதல. தவண குடுத்ததும் பாலுசெட்டிசத்திரம் போயி பொறி வாங்கினு வந்து வெச்சாரு. நாப்பத்தஞ்சு நாள்ல நெஜமாவே நாப்பத்தி நாலு எலி மாட்டுச்சு. நானே எண்ணுனேன். நடந்தத நடந்தபடி எழுதனவரு அவரு ஒருத்தருதான். அவர போயி வெளிய தள்ளிட்டு, அணில திட்டனவனுக்கு சர்ட்டிபிகேட்டு."

"நாப்பத்தஞ்சு நாளைக்கு நாப்பத்தி நாலு எலி. ஒரு நாள் லீவு வுட்டுதுங்களா?"

"கத சொல்ற இந்தாளு அளந்தப்ப வாய பொளந்துக்கினு கேட்ட, நான் சொன்னா நக்கலா?"

"அவரு இழுத்திருக்கேன்னு மொதல்லயே சொல்லிட்டாருபா. உங்க மாமா சொன்னாரா?"

"எல்லாம் அந்தம்மாவால. ஊரோட ஒரு கையெழுத்து போட்டிருந்தா எங்க அக்கா வூட்ல மூட்ட தேங்கியிருக்குமா?"

வடிகட்டியை ஓங்கிக்கொண்டு தேவகி அடுப்பை விட்டு வெளியே வந்தாள். "ஏன்யா, இருபது நாளு தண்ணி தூக்குனவள சொல்லுவியா நீ? உங்க மாமாவுக்கு ஒரு குடம் தூக்க வக்கிருக்குதா?"

"எங்க மாமாவ ஏன் இழுக்கற?"

"எலி வால காட்ட சொல்லு, நம்பறேன்," என்றபடி கதிர்வேலும் எழுந்தார். பெஞ்சின் அந்தப் பக்கம் எடை குறைந்ததும் டேனியல் உட்கார்ந்திருந்த பக்கம் கீழே போனது, மூன்று கிளாஸும் சரிந்தன, மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.